என்னுடையதல்லாத முடி

ஜூன் 3, செவ்வாய்

ஐம்பது வயதில் நாட்குறிப்பு எழுதும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கட்டம் போட்ட கணக்கு நோட்டு இது.

விஷயம் முடி. மே மாதக் கடைசி வாரத்திலிருந்து கொட்டுகிறது. கொட்டுகிறது என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. குளித்தால் தண்ணீர் போகிற வாய் அடைத்துக்கொள்கிறது. ரசத்தில் முடி, சப்பாத்தி மாவில் முடி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுக்குள் முடி. வகிடு சுண்டுவிரல் அகலத்துக்கு வந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றால் முதுகுக்குப் பின்னால் நாற்பது பெண்களும் என் உச்சந்தலையைப் பார்ப்பதாகத் தோன்றுகிறது.

அதனால் இன்று ஈரோட்டில் தோல் டாக்டர். நஸ்ரின் என்று பெயர். என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும். முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கடந்த ஆறு மாதத்தில்: கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி, புது மாத்திரை, குடும்பத்தில் மரணம். ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று கட்டம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறித்தேன். கணக்கு டீச்சர் நான், கட்டம் நிரப்புவது எனக்குப் பழகிய வேலை.

டாக்டர் ஒரு சின்னக் கருவியைத் தலையில் வைத்து மயிர்க்காலையெல்லாம் திரையில் காட்டினார். வேர் சாகவில்லையாம். பயப்பட வேண்டாமாம். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முடி உடனே கொட்டாதுங்க மேடம். அதிர்ச்சி வந்த அன்னைக்கு அது விழாது. வளர்றதை நிறுத்திட்டு அப்படியே நிக்கும். மூணு மாசம் கழிச்சுதான் மொத்தமா விழும். அதான் கேக்கறேன். பிப்ரவரி கடைசியில என்ன நடந்துச்சு?"

திருப்புதல் தேர்வு நடந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் சீவி, விழுந்த முடியை எண்ணி, தேதி போட்ட உறையில் வைக்க வேண்டும். சாப்பிட்டது, தூங்கியது, மனதில் ஓடியது எல்லாம் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நூறு வரை விழுந்தால் தப்பில்லை. வீட்டில் எத்தனை பேர் என்றும் கேட்டார். இரண்டு. நானும் இவரும். இவர் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். வேறு யாரும் கிடையாது.

ஜூன் 4, புதன்

வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் உட்கார்ந்து சீவினேன். பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினேன். 214.

அதில் ஒரு சிக்கல். என் முடி பதினாறு அங்குலம், பாதிக்குமேல் நரை, மருதாணி போட்ட செம்பட்டை. 214-இல் 205 அப்படி இருந்தன. மீதி ஒன்பது இருபத்தெட்டு அங்குலம். அடி முதல் நுனி வரை ஒரே கறுப்பு. சவுரி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ‘என்னுடையவை’ 205. ‘பிற’ 9.

ஜூன் 5, வியாழன்

என்னுடையவை 221. பிற 6.

ஆசிரியர் அறையில் என் தலைதான் இன்றைய பாடம். ஹேமலதா டீச்சர் சின்ன வெங்காயச் சாறு என்றார். தமிழம்மா கரிசலாங்கண்ணி என்றார். பி.டி. டீச்சர் போர் தண்ணீரின் உப்புதான் காரணம், தெருவோடு கொட்டுகிறது என்றார். ஓவிய ஆசிரியருக்கே தலையில் ஒன்றும் இல்லை, அவரும் ஒரு எண்ணெய் சொன்னார். கண் பட்டிருக்கும் என்று சத்துணவு அமைப்பாளர் சொன்னார். ஐம்பது வயது டீச்சரின் கொண்டையில் கண் வைக்க எவருக்குப் பொழுது இருக்கிறது?

யாரும் பிப்ரவரியைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மட்டில் நல்லவர்கள்.

ஜூன் 7, சனி

என்னுடையவை 198. பிற 11.

மயிலாத்தா வாரத்துக்கு மூன்று நாள் வந்து வீடு கூட்டுகிறாள். இன்று கூடத்தில் துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஒரு முடியை விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சத்தில் அது அவள் முழங்கை வரை தொங்கியது.

"டீச்சரு, இது உங்குளுது இல்லீங்களே."

காற்றில் வந்திருக்கும் என்றேன். அவள் வாசல் பக்கம் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், பிறகு கூட்டி முடித்தாள். போகும்போது செவ்வாய்க்கிழமை வர முடியாது, மகளுக்கு ஜுரம் என்றாள். அவளுக்கு இரண்டும் பையன்கள்.

ஜூன் 10, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை வந்தது. தைராய்டு சரி. இரும்புச் சத்து படுமோசம். டாக்டர் மாத்திரை எழுதினார். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட வேண்டும், காபி டீ பக்கத்திலேயே வரக் கூடாது. தலையில் அடிக்க ஒரு மருந்து. அதை அடித்தால் முதல் ஒன்றிரண்டு மாதம் இன்னும் கூடக் கொட்டும், நடுவில் விட்டுவிடக் கூடாது என்று எச்சரித்தார். முருங்கைக்கீரை, முட்டை, கடலை. இறுக்கிப் பின்னக் கூடாது, ஈரத்தோடு சீவக் கூடாது. வெங்காயச் சாற்றைப் பற்றிக் கேட்டேன். சாம்பாரில் போடுங்க மேடம் என்றார். பெண் கெட்டிக்காரி.

உறைகளைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். நீளமான முடிகளைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இது நேத்து முந்தாநாள் விழுந்ததில்லை. தூசி படிஞ்சு காஞ்சு போயிருக்கு. வருஷம் தாண்டின முடி. வீட்டுல பொண்ணு யாராச்சும் இருந்தாங்களா?"

இருந்தாங்களா என்றுதான் கேட்டார், இருக்காங்களா என்று கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் படி இறங்கியதை ரிசப்ஷன் பெண் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஜூன் 13, வெள்ளி

என்னுடையவை 230. பிற 4.

பள்ளிக்குப் போகும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அரிசி மில் மதில். அதில் ஒரு சுவரொட்டி ஒட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. வழக்கமாக நான் மில் பக்கம் முதுகு காட்டித்தான் நிற்பேன். இன்று மழைத்தூறல் விழுந்தது, குடையைத் திருப்பும்போது கண்ணில் பட்டுவிட்டது.

வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும்போல. முகம் முழுக்க வெளுத்துவிட்டது. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நடு வகிடு, இரண்டு பக்கமும் இறங்கும் தலைமுடி, தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்ட ஒற்றைப் பின்னல். கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்தும் கறுப்புதான், அதுவும் போகவில்லை.

பக்கத்தில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டேன்.

ஜூன் 16, திங்கள்

என்னுடையவை 207. பிற 13.

‘பிற’ எங்கே கிடைக்கின்றன என்று குறித்துப் பார்த்தேன். நான்கு நாள் கணக்கு. கூடத்தில் இவருடைய சாய்வு நாற்காலியில் 9. இவர் துண்டில் 7. ஸ்கூட்டர் இருக்கையில் 2. மாடிப்படியில் 5. சாப்பாட்டு மேசையில் 3. என் சீப்பில் 8. சீப்பு இவர் தலை சீவும் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது.

சமையலறையில் ஒன்றுகூட இல்லை. அங்கே விழுவதெல்லாம் என்னுடையவைதான்.

இவரிடம் காட்டினேன். "போர் தண்ணியா இருக்கும்" என்று பேப்பரைத் திருப்பினார். போர் தண்ணீரில் முடி கொட்டலாம், முளைக்குமா? கேட்கவில்லை. இவர் மத்தியானம் சாப்பிட்டதும் மஞ்சள் சாம்பிள் பார்க்க மாடி அறைக்குப் போகிறார். அந்த அறைச் சாவி இவரிடம்தான். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

இட்லிக்கு அரைத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன். மாத்திரை சாப்பிட்டேன். காலையில் காபி ஆற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மூன்று டம்ளர்.

இவர் மூன்றையும் பார்த்தார். தன்னுடையதைக் குடித்தார். பிறகு மூன்றாவதையும் எடுத்துக் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு மண்டிக்குப் போனார். இவருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு டம்ளருக்கு மேல் காபி குடிக்கக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார். சரி, கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். போன வருடத்துக்கு முந்தைய வருடம் நவம்பரில் திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். நம் ஆட்கள் இல்லை. காவல் நிலையத்தில் எழுதி வாங்கினார்கள். இவருடைய அண்ணன் தம்பிகள் வந்து உட்கார்ந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். செய்தோம்.

செய்தது இது. வாசலில் பானை உடைத்தார்கள். சாவு வீட்டில் குளிப்பதுபோல் நானும் இவரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். குடம் குடமாக, அண்ணியார்தான் என் தலையில் ஊற்றினார். அவளுடைய துணி, புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் தோட்டத்தில் போட்டு எரித்தார்கள். பதினாறாம் நாள் இலை போட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்தோம். காக்காய் வரவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு வைத்தால் அது எப்படி வரும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. பிறகு சுவரொட்டி. அச்சகத்தில் மறைந்த தேதி கேட்டிருக்கிறார்கள். கல்யாணத் தேதியைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நவம்பர். பிப்ரவரி இல்லை. அதனால் டாக்டர் கேட்டதற்கு நான் சொன்னது பொய்யில்லை.

ஜூன் 25, புதன்

என்னுடையவை 240. பிற 17. வேறொன்றும் இல்லை.

ஜூன் 28, சனி

பள்ளி அரை நாள். பன்னிரண்டரைக்கே வீடு வந்துவிட்டேன். ஸ்கூட்டர் நின்றது. கூடத்தில் இவர் இல்லை. மாடிப்படியில் ஒரு நீள முடி, இரண்டு படி தள்ளி இன்னொன்று. பொறுக்கிக்கொண்டே ஏறினேன். ஆறு சேர்ந்தபோது மாடி அறைக் கதவு வந்துவிட்டது. அது ஒருக்களித்திருந்தது.

உள்ளே யாரோ தலை சீவும் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று, நீள முடியில் சீப்பு இறங்குகிற சத்தம். ஒன்றரை வருடம் கழித்து அந்த அறையிலிருந்து அந்தச் சத்தம். கையிலிருந்த ஆறு முடியையும் விரலில் சுற்றிக்கொண்டேன்.

கதவைத் தள்ளினேன். இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து சுருட்டிய முடிப் பந்துகளை எடுத்து, பிரித்து, ஒவ்வொன்றாகச் சீப்பால் நீவி, தொடையின்மேல் நீளமாக அடுக்கிக்கொண்டிருந்தார். மண்டியில் மஞ்சளைத் தரம் பிரிப்பதுபோல அவ்வளவு கவனம். பனியன் முழுக்க முடி.

அந்தப் பை எனக்குத் தெரியும். சீவும்போது விழுவதைச் சுருட்டிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அந்தப் பையில்தான் போடுவோம். முடிக்காரன் சைக்கிளில் வந்தால் கொடுத்துவிட்டு ஊக்கு, கிண்ணம் வாங்குவோம். எல்லாவற்றையும் எரித்தவர்கள் அந்தப் பையை மறந்துவிட்டார்கள். இவர் மறக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை.

"உன்ற முடியும் இதுல கலந்திருந்துச்சு. தனித்தனியாப் பிரிச்சேன். செம்பட்டையெல்லாம் உன்னுது" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து மடித்த பஸ் டிக்கெட் அளவுக் காகிதம் ஒன்றை எடுத்தார். அதற்குள் ஒற்றை முடி. இருபத்தெட்டு அங்குலம் இருக்கும். அளக்கவில்லை.

"இது பையில இருந்தது இல்ல. வாசக் கேட்டோட கொண்டியில சிக்கியிருந்துச்சு. மாசி மாசம், ஒரு திங்கக்கெழம. மண்டியில இருந்து பொழுதோட வந்தப்போ பாத்தேன். எண்ணெ காயாத புது முடி. அன்னைக்கு நீ லீவு போட்டு வீட்டுல இருந்த."

காகிதத்தை மறுபடி மடித்தார்.

"நீயாச் சொல்லுவேன்னு நாலு மாசமாப் பாத்துட்டு இருக்கறேன், சுலோச்சனா."

ஜூன் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள். விடைத்தாள் திருத்த அரை நாள் விடுப்பு. மணி நாலு. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கேட்டைத் திறக்கும்போது கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும், வெளி ஆட்களுக்குத் தெரியாது. இது தூக்கித் திறந்த சத்தம். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மணி அடித்தது. கதவின் பார்வைத் துளை வழியாகப் பார்த்தேன். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கையில் துணிப் பை. தனியாக வந்திருந்தாள். முகம் வீங்கி, காலும் வீங்கி, செருப்புக்குள் பாதம் அடங்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை. அது வழக்கம், வந்துவிட்டாள்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். வளையல் குலுங்கியது. மறு கையால் வளையலைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை மணி அடித்தாள். அம்மா என்று கூப்பிடவில்லை. மூன்றாம் முறை அடிக்கவில்லை, மணியில் விரல் வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகை. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு திரும்பினாள். கேட்டில் பின்னல் மாட்டியது. இழுத்துக்கொண்டு போனாள்.

இவர் வீட்டில் இல்லை. அண்ணன் தம்பிகள் இல்லை. அண்ணியார் இல்லை. தெருவில் நாய்கூட இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். இத்தனை நாளாக எல்லாவற்றுக்கும் அவர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றுக்குச் சொல்ல ஆள் இல்லை.

பிறகு போய் மிச்சத் தாள்களைத் திருத்தினேன். பதினெட்டுத் தாள். ஒரு மதிப்பெண்கூடத் தப்பாகப் போடவில்லை.

பஸ்ஸில் ஏறினாளா, எங்காவது விழுந்தாளா, பிரசவம் ஆனதா, பிழைத்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. இறந்தவளைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? இவருக்கும் தெரியவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த விலாசம் மட்டும் இவர் பர்சில் இருக்கிறது. இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போய், போன வழியே திரும்பியிருக்கிறார்.

ஜூலை 2, புதன்

என்னுடையவை 188. பிற இல்லை. இவர் பையின் வாயைக் கட்டிவிட்டார்.

ஜூலை 5, சனி

காலையில் இவர் வாளியும் கொத்துக் கரண்டியும் எடுத்துக்கொண்டு அரிசி மில் மதிலுக்குப் போனார். பால் வாங்கப் போனவள் பார்த்தேன். தண்ணீர் அடித்து ஊற வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். பேருந்துக்கு நின்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள்.

முகம் இருந்த இடம் தாளோடு உடனே வந்துவிட்டது. கறுப்பு வரவில்லை. சுண்ணாம்புக்குள் மை இறங்கிவிட்டது. ஒரு மணி நேரம் சுரண்டியும் மதிலில் வகிடும் பின்னலும் மட்டும் நிற்கின்றன. கீழே எழுத்தை மட்டும் எப்படியோ சுரண்டி எடுத்துவிட்டார். யாருமில்லாத ஒரு தலைமுடி.

நாளைக்கு நீ போ என்றார். இவர் வரவில்லையாம். உயிரோடு இருந்தால் மட்டும் எனக்குப் போன் பண்ணு என்றார். அப்படிச் சொன்னதும் இவருக்கே தாங்கவில்லை, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

திருப்பூர். பதினொரு மணி. ஒரு சந்தில் எட்டு லைன் வீடுகள், நடுவில் பொதுக் குழாய். ஐந்தாவது வீடு என்று விலாசத்தில் இருந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒரே நினைப்பு. கதவு சாத்தியிருந்தால் மணி அடித்துவிட்டு எத்தனை நேரம் நிற்கலாம்? அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ அவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆள் இல்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தேன்.

நேர் எதிர்ச் சுவரில் என் படம்.

பள்ளி ஆண்டு விழாவில் எடுத்தது. நீலப் புடவை, கொண்டை நிறைய மல்லிகை. அப்போது முடி எவ்வளவு இருந்தது எனக்கு! நெற்றியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். கழுத்தைச் சுற்றிச் சந்தன மாலை. கீழே குட்டிச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நான் காலையில் குடிக்கிற அதே அளவு.

என் கையை நானே கிள்ளிப் பார்த்தேன். வலித்தது.

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஈரக் கையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் போனாள்.

"நீங்க யாருங்க? அந்தப் புள்ளையோட அம்மா செத்துப் போயிட்டாங்களே."

எப்போது என்று கேட்டேன்.

"மாசியிலங்க. பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன்னு பொட்டி கட்டீட்டு ஆசையாப் போச்சு. பொழுதெறங்குனதும் திரும்பி வந்துருச்சு. என்னடான்னு கேட்டா, எங்கம்மா செத்துட்டாங்கக்கா, நான் போறப்பத்தான் உசுரு போச்சுன்னு சொல்லுச்சு. அப்பவே வலி எடுத்துருச்சு. ரெண்டு நாள் கஷ்டப்பட்டுப் பொழச்சுது, பாவம்."

பிழைத்தது. அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கதவு நிலையைப் பற்றினேன். பிறகுதான் தேதி உறைத்தது. டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்த தேதி. அந்தப் படிவத்தில் குடும்பத்தில் மரணம் என்ற கட்டத்தில் நான் தப்பாகக் குறித்திருக்கிறேன்.

அந்த அம்மா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்க அவங்க கூடப் பொறந்தவங்களா என்றாள். அக்கா என்றேன். சாவுக்கு வர முடியவில்லை என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அதனால் அவள் நம்பிவிட்டாள்.

"அபிநயா, இங்க வந்து பாரு கண்ணு. உங்கம்மாளோட அக்கா வந்திருக்கறாங்க."

பெயரை எழுதிவிட்டேன். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

பின்பக்கத்திலிருந்து வந்தாள். தோளில் குழந்தை. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். அந்த இருபத்தெட்டு அங்குலம் போய்விட்டது. முன் நெற்றியில் இரண்டு பக்கமும் தலை தெரிந்தது, வகிடு என்னுடையதைப் போலவே அகன்றிருந்தது. என்னைப் பார்த்தாள். அந்த அம்மா நின்ற நேரம் முழுக்கப் பார்த்தாள். படத்தை ஒரு முறை பார்த்தாள். எது உண்மை என்று அவள் முடிவு செய்வதற்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். வெளியே போ என்றால் போயிருப்பேன்.

"வாங்க பெரியம்மா" என்றாள்.

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். குழந்தை பெண்ணா என்று கேட்டேன், பெண். மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் பெரியம்மா எதற்கு மன்னிப்புக் கேட்பாள்? கடைசியில் முடி எப்போதிலிருந்து கொட்டுகிறது என்று கேட்டேன். ஒன்றரை மாதமாக என்றாள்.

"பிரசவம் ஆகி மூணு மாசத்துல கொட்டும். பயப்படாதே, தானா நிக்கும். ரத்தத்துல இரும்பு பாரு. மாத்திரையக் காபியோட முழுங்காதே. ஈரத்தோட சீவாதே." இவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. ஒன்றரை வருடம் கழித்து இவ்வளவுதான்.

"சரிங்க பெரியம்மா" என்றாள். என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்கம்மா கடைசி வரைக்கும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டு இருந்தாங்க. வளையல் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பட்டுன்னு நின்னுருச்சு. அப்பத்தான் உசுரு போச்சு."

பிறகு எழுந்து வந்து குழந்தையை என் மடியில் போட்டாள்.

குழந்தை கை நீட்டி என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது. இழுத்தது. வலிக்கவில்லை, தானாகவே வந்துவிட்டது. அபிநயா குனிந்து அந்தச் சின்னக் கைப்பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்து முடியை எடுத்தாள். ஏழு. எல்லாம் என்னுடையவை. நாங்கள் வீட்டில் செய்வதுபோல் ஆள்காட்டி விரலில் சுற்றிச் சின்ன வளையமாக்கினாள். எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், மாலை அசையாமல் சட்டத்தைக் கொஞ்சம் விலக்கி, என் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.